கடைசியாகப் பாலத்தைவிட்டு இறங்கியவர்

நெதர்லாந்தின் ஆர்னெம் நகரை ஒட்டி ஊஸ்டர்பேக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே மரங்கள் சூழ்ந்த போர்க் கல்லறைத் தோட்டத்தில் 1,750க்கும் மேற்பட்ட வெண்கற்கள் ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில் வரிசையாக நிற்கின்றன. அலுவல் நிமித்தம் அந்த நாட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கற்களின் வடிவம் எனக்குப் பழக்கமானதுதான். சென்னையில் பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில், நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையைப் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கும் இதே கல், இதே எழுத்து, இதே ஒழுங்கு. அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற வேறுபாடு எங்குமே கூடாது என்பது முதல் உலகப் போரின் முடிவிலேயே எடுக்கப்பட்ட முடிவு.

ஊஸ்டர்பேக்கில் நான் நின்றுவிட்ட கல்லில் ஜான் ஹாலிங்டன் கிரேபர்ன் என்ற பெயர் இருந்தது. பாராசூட் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர். இறந்த நாள் 1944 செப்டம்பர் 20. வயது 26. மற்றக் கற்களில் சமயச் சின்னம் இருக்கும் இடத்தில் இந்தக் கல்லில் விக்டோரியா கிராஸ் பதக்கத்தின் வடிவம் செதுக்கப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் படையில் வீரத்துக்கு அளிக்கப்படும் மிக உயர்ந்த விருது அது. ஆர்னெம் போருக்காக ஐந்து பேர் அதைப் பெற்றனர். ஐவரில் உயிரோடு பெற்றவர் ஒருவர் மட்டுமே.

கல் சொல்லாத ஒரு செய்தி பிறகு படிக்கும்போது தெரியவந்தது. அவர் பிறந்தது நம் துணைக்கண்டத்தில். கராச்சித் துறைமுகத்தின் வாயிலில், கலங்கரை விளக்கமும் வருண தேவர் கோயிலும் உள்ள மனோரா என்ற சிறு நிலத்துண்டில், 1918 சனவரி 30 அன்று பிறந்திருக்கிறார். குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து போனவர், டார்செட் மாவட்டத்து ஷெர்போர்ன் பள்ளியில் படித்தார், ரக்பி விளையாடினார், ஹாங்காங் அண்ட் ஷாங்காய் வங்கியின் இலண்டன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வங்கியின் தலைமைப் பொறுப்பில் ஹாங்காங்கில் இருந்த வாண்டலர் கிரேபர்ன் அவருடைய உறவினர். ஜப்பானியர் ஹாங்காங்கைப் பிடித்த பிறகு, முகாமில் அடைபட்டிருந்தவர்களுக்கு இரகசியமாகப் பணம் சேர்ப்பித்த குற்றத்துக்காகச் சிறையிடப்பட்ட வாண்டலர், உணவும் மருந்தும் இன்றி 1943இல் அந்தச் சிறையிலேயே இறந்துபோனார். ஒரே குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் ஆசியாவின் ஒரு முனையில் சிறைக்கொட்டடியில் மடிய, அடுத்த ஆண்டே இளையவர் ஐரோப்பாவில் ஓர் ஆற்றங்கரையில் மடிந்தார்.

போர் தொடங்கியபோது ஜான் கிரேபர்னுக்கு 21 வயது. 1940இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் அண்ட் பக்கிங்ஹாம்ஷயர் காலாட்படையில் அதிகாரியானார். அடுத்த மூன்று ஆண்டுகள் பிரிட்டனுக்குள்ளேயே காவலும் பயிற்சியுமாகக் கழிந்தன. 1942இல் திருமணம் நடந்தது. ஒரு மகன் பிறந்தான். 1943இல் தாமாக முன்வந்து பாராசூட் படைக்கு மாறினார்.

தாமாக முன்வந்து என்று எழுதும்போது அதன் எடையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் பாராசூட் படை என்ற எண்ணம் உருப்பெற்றது 1940 சூன் 22 அன்று, குறைந்தது 5,000 பாராசூட் வீரர்களாவது வேண்டும் என்று சர்ச்சில் எழுதிய குறிப்பிலிருந்துதான். மான்செஸ்டருக்கு அருகே ரிங்வே வானூர்தி நிலையத்தில் பயிற்சி நடந்தது. முதலில், காற்றடைத்த பெரிய பலூனிலிருந்து தொங்கும் கூண்டில் ஏறி, அதன் தரையில் உள்ள துளை வழியாகக் குதிக்க வேண்டும். விமானத்தின் இரைச்சலோ, பின்னாலிருந்து நெட்டித் தள்ளும் வரிசையோ அங்கே இல்லாததால், அந்த நிசப்தத்தில் துளையை எட்டிப் பார்த்துக் குதிப்பதுதான் மிகக் கடினம் என்று பயின்றவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். போர் முடியும்வரை பிரிட்டிஷ் வீரர்களுக்கு இரண்டாவது பாராசூட், அதாவது முதலாவது விரியாவிட்டால் கைகொடுக்கும் மாற்றுப் பாராசூட், கொடுக்கப்படவில்லை. பயிற்சி முடித்தவர்களுக்குச் செங்கருநிறத் தொப்பியும் தோளில் இறக்கைச் சின்னமும் கிடைத்தன. சிப்பாய்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஷில்லிங் கூடுதல் ஊதியம் கிடைத்தது. இவற்றுக்காக மட்டும் ஒருவர் அந்தத் துளை வழியாகக் குதித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

இந்தியாவின் பாராசூட் படையும் ஏறத்தாழ அதே காலத்தில் பிறந்ததுதான். 1941 அக்டோபரில், கிரேபர்ன் பிறந்த அதே கராச்சியில், மருத்துவ அதிகாரியான லெப்டினன்ட் ரங்கராஜும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் குதித்து, இந்தியப் படையின் முதல் பாராசூட் வீரர்கள் ஆனார்கள். அந்த மாதத்திலேயே தில்லியில் எழுந்த 50ஆவது இந்திய பாராசூட் பிரிகேடில் இருந்த பிரிட்டிஷ் பட்டாலியன் பின்னர் மத்தியக் கிழக்குக்கு மாற்றப்பட்டு, 156ஆவது பட்டாலியன் என்று எண் மாறி, 1944இல் ஆர்னெமுக்கு வந்து, ஊஸ்டர்பேக்கை ஒட்டிய காடுகளில் ஏறத்தாழ முற்றாக அழிந்தது. தில்லியில் அணிவகுத்து நின்றவர்கள் சிலரும் இந்தத் தோட்டத்தில் கிடக்கிறார்கள் என்பதை அறிந்த பிறகு, அந்த இடம் எனக்கு முழுவதும் அயலாகத் தோன்றவில்லை.

1944 கோடையில் நார்மண்டிப் போர் முடிந்து செருமானியர் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். கிரேபர்ன் இருந்த, வானிலிருந்து இறங்கிப் போரிடும் பிரிட்டனின் முதலாவது வான்வழி டிவிஷனுக்கு மட்டும் வேலை இல்லை. பதினைந்துக்கும் மேற்பட்ட நடவடிக்கைகள் திட்டமிடப்பட்டு, ஒவ்வொன்றும் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டன. வீரர்கள் விமானம்வரை போய்த் திரும்பினார்கள். அந்தக் காத்திருப்பின் சலிப்பில் இருந்த ஒரு படைக்கு, செப்டம்பரில் ஒரு வார கால அவகாசத்தில் தீட்டப்பட்ட திட்டம் ஒன்று வந்துசேர்ந்தது. நெதர்லாந்தின் ஆற்றுப் பாலங்களை மூன்று வான்வழி டிவிஷன்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். பெல்ஜிய எல்லையிலிருந்து பிரிட்டனின் முப்பதாவது கோர் என்ற பெரும் தரைப்படை டாங்குகளோடு ஒற்றைச் சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் விரைந்து வந்து, ஒவ்வொரு பாலமாகக் கடந்து, கடைசியில் ஆர்னெமில் ரைன் ஆற்றைத் தாண்ட வேண்டும். அமெரிக்கரின் 101ஆவது டிவிஷனுக்கு ஐந்தோவன் பகுதி, 82ஆவது டிவிஷனுக்கு நைமேகன் பகுதி, பிரிட்டனின் முதலாவது டிவிஷனுக்கு எல்லாவற்றுக்கும் தொலைவான ஆர்னெம்.

இந்தத் திட்டத்தைப் பற்றி எண்பது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் படித்தவரையில், கிரேபர்னின் கதையோடு நேரடியாகத் தொடர்புள்ள பிழைகளை மட்டும் சொல்கிறேன். பாலத்தைச் சுற்றி விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருக்கும் என்ற அச்சத்தால், படைகள் பாலத்துக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த பொட்டல்வெளிகளில் இறக்கப்பட்டன. விமானங்கள் போதாததால் டிவிஷன் ஒரே நாளில் இறங்கவில்லை. மூன்று தவணைகளாகப் பிரிந்தது. முதல் நாள் வந்தவர்களிலும் பாதிப் பேர், அடுத்த நாள் வருபவர்களுக்காக இறங்குவெளியைக் காத்து நிற்க வேண்டியிருந்தது. ஆகவே, பத்தாயிரம் பேர் கொண்ட டிவிஷனிலிருந்து பாலத்தை நோக்கி அன்று நடந்தவை மூன்று பட்டாலியன்கள் மட்டுமே. ஆர்னெம் பக்கத்தில் செருமானிய டாங்குகள் இருப்பதைக் காட்டும் வான்படங்களை எடுத்துக்கொண்டு மேலதிகாரிகளிடம் மன்றாடிய உளவுத்துறை இளைஞர் பிரையன் அர்க்கார்ட்டுக்கு, களைத்துவிட்டார் என்று காரணம் காட்டி மருத்துவ விடுப்புக் கொடுக்கப்பட்டது. அவர் பின்னாளில் ஐக்கிய நாடுகள் அவையில் உயர்பொறுப்பு வகித்து, நூறு வயதைக் கடந்து வாழ்ந்தார். அவருடைய சொல்லைக் கேட்டிருந்தால் என்று எண்ணும்போதெல்லாம் எனக்குச் சினம் வருகிறது; எண்பது ஆண்டுகள் கழித்தும் வருகிறது.

1944 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. வானம் தெளிந்திருந்தது. பகல் இரண்டு மணியளவில் டகோட்டா விமானங்களிலிருந்து குதித்த இரண்டாவது பாராசூட் பட்டாலியன், லெப்டினன்ட் கர்னல் ஜான் ஃப்ராஸ்ட் தலைமையில் ரைன் ஆற்றங்கரைச் சாலையைப் பிடித்து நடந்தது. முன்னணியில் மேஜர் டிக்பி டாத்தம்-வார்ட்டரின் 'ஏ' கம்பெனி. கம்பியில்லாக் கருவிகளை நம்ப மறுத்த அந்த மேஜர், நெப்போலியன் காலத்தைப் போலக் கொம்பு ஊதிக் கட்டளை தெரிவிக்கத் தம் வீரர்களைப் பழக்கியிருந்தார். கையில் ஒரு குடையையும் எடுத்து வந்திருந்தார். கருவிகளைப் பற்றிய அவருடைய ஐயம் அடுத்த சில மணி நேரத்திலேயே மெய்யானது. டிவிஷனின் பெரும்பாலான கருவிகள் அந்தக் காட்டுப் பகுதியில் வேலை செய்யவில்லை. 'ஏ' கம்பெனியில் சுமார் முப்பது பேர் கொண்ட ஒரு பிளாட்டூனுக்குத் தலைவர்தான் லெப்டினன்ட் கிரேபர்ன். வழியெங்கும் டச்சு மக்கள் வீடுகளிலிருந்து ஓடிவந்து ஆப்பிளும் பாலும் கொடுத்தார்கள். நான்கு ஆண்டு ஆக்கிரமிப்பு அன்று மாலையோடு முடிந்துவிட்டது என்றே அவர்கள் நம்பினார்கள். மற்ற இரு பட்டாலியன்களும் நடுவழியில் தடுத்து நிறுத்தப்பட்டன. வழியிலிருந்த இரயில் பாலத்தை, வீரர்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தபோதே செருமானியர் வெடிவைத்துத் தகர்த்தனர். இரவு எட்டு மணியளவில் ஃப்ராஸ்டின் முன்னணி வீரர்கள் சாலைப் பாலத்தின் வடமுனையை அடைந்தபோது, பாலம் முழுதாக நின்றது.

வடமுனை கைக்கு வந்துவிட்டது. தென்முனை செருமானியர் வசம் இருந்தது. பாலத்தின் மேலாகவே ஓடித் தென்முனையைப் பிடிக்கும்படி கிரேபர்னின் பிளாட்டூனுக்குக் கட்டளை வந்தது. முகத்தில் கரி பூசி, ஓசை எழாதிருக்கக் காலணிகளின் மேல் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, இரும்புக் கைப்பிடிச் சுவரை ஒட்டி அவர்கள் இருட்டில் நகர்ந்தார்கள். இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளும் ஒரு கவச ஊர்தியின் இயந்திரத் துப்பாக்கியும் எதிரிலிருந்து சுடத் தொடங்கின. பாலத்தின் மேல் ஒளிந்துகொள்ள ஒரு கல்கூட இல்லை. ஏறத்தாழ முதல் சில நொடிகளிலேயே கிரேபர்னின் தோளில் குண்டு துளைத்தது. அதன் பிறகும் அவர் முன்னேறினார். பிளாட்டூனில் விழுந்தவர்கள் எண்ணிக்கை பெருகி, திரும்பிவிடுமாறு கட்டளை வரும்வரை முன்னேறினார். திரும்பும்போது ஒவ்வொருவராகத் தம் வீரர்களைக் கரைமேட்டின் மறைவுக்கு இறக்கிவிட்டு, எல்லோருக்கும் கடைசியாக அவர் இறங்கினார்.

விருதுக் குறிப்பில் இந்தச் செய்தி ஒரே வாக்கியமாக வருகிறது. அதைப் படித்த நாள்முதல், அந்த மனிதரை நான் இந்த ஓர் அசைவாகவே நினைவில் வைத்திருக்கிறேன். தாக்கப் போகும்போது முதலில் நிற்பது தலைவனுக்கு எதிர்பார்க்கப்படும் கடமை. தோற்றுத் திரும்பும்போது, தோளில் இரத்தம் வழிய, யார் வந்தார் யார் வரவில்லை என்று எண்ணிக்கொண்டு கடைசியாக நிற்க, வேறு விதமான நெஞ்சு வேண்டும். அடுத்த மூன்று நாள்களில் அவர் செய்தவை பெரும்பாலும் இதன் தொடர்ச்சிதான் என்று நினைக்கிறேன்.

அன்றிரவே அவருடைய பிளாட்டூன் பாலத்தைக் காப்பதற்கு இன்றியமையாத ஒரு வீட்டில் அமர்ந்தது. மறைவு குறைந்த, எல்லாப் பக்கமும் திறந்த வீடு. திங்கள் காலையில் செருமானியத் தேடல் படை ஒன்று, கேப்டனுக்கு நிகரான பதவியிலிருந்த கிரெப்னர் என்பவர் தலைமையில், இருபதுக்கும் மேற்பட்ட ஊர்திகளோடு தெற்கிலிருந்து பாலத்தின் மேல் பாய்ந்து வந்தது; இரண்டு மணி நேரச் சண்டையில் பாதிக்கும் மேற்பட்ட ஊர்திகள் எரிந்துபோய்ப் பாலத்தை அடைத்து நின்றன; கிரெப்னரும் அங்கேயே இறந்தார். அதன் பிறகு செருமானியர் வீடு வீடாக அழிக்கும் வழிக்கு மாறினார்கள். மார்ட்டர் குண்டுகள், டாங்குகள், தாமே நகரும் பீரங்கிகள் எல்லாம் ஒவ்வொரு வீட்டையும் மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி இடித்து வந்தன. பிறகு பாஸ்பரஸ் குண்டுகளால் தீ வைத்தன. பாலத்தருகே இருந்த பிரிட்டிஷ் வீரர்கள் மொத்தம் சுமார் 740 பேர். முழு டிவிஷன் இரண்டு நாள் காக்க வேண்டிய பாலம் அது. தண்ணீர்க் குழாய்கள் வற்றின. கொண்டுவந்திருந்த உணவு இரண்டு நாளுக்குத்தான். தூக்கம் என்பதே இல்லை. தோட்டாக்களை எண்ணிச் சுட வேண்டிய நிலை வந்தது. இவற்றின் நடுவே, தோளில் காயத்தோடு கிரேபர்ன் எதிரியின் குண்டுகளைப் பொருட்படுத்தாமல் தம் வீரர்களிடையே நடமாடி, அவர்களுக்கு ஊக்கமளித்துக்கொண்டிருந்தார் என்பதை விருதுக் குறிப்பு அறிவிக்கிறது.

செவ்வாய்க்கிழமை, 19ஆம் தேதி, அந்த வீடு தீப்பற்றிக் கைவிடப்பட்டது. கம்பெனியில் எஞ்சியவர்களையும், வெவ்வேறு பிரிவுகளிலிருந்து சிதறி வந்தவர்களையும் ஒன்று சேர்த்து, அன்றிரவு முழுவதும் பாலத்தின் அணுகுவழியைக் காக்கும் புதிய அரண் ஒன்றை அவர் அமைத்தார். வங்கி அலுவலகத்தில் கணக்கேடு பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் அவர் என்பதை நான் இந்த இடத்தில் மறக்க முடியாமல் இருக்கிறேன்.

20ஆம் தேதி புதன்கிழமை, செருமானியர் பாலத்தின் அடியில் வெடிமருந்து வைக்கத் தொடங்கினார்கள். பாலம் தகர்ந்தால், தெற்கிலிருந்து வந்துகொண்டிருக்கும் டாங்குகளுக்காக மூன்று நாளாகச் செத்துக்கொண்டிருந்தது அத்தனையும் வீண். கிரேபர்ன் ஒரு சிறு குழுவைத் திரட்டிக்கொண்டு போய், அவர்களை விரட்டினார். அந்த இடைவெளியில் பொறியாளர் படையினர் வெடித்திரிகளைப் பிடுங்கி எடுத்தார்கள். அந்தச் சண்டையில் அவர் இரண்டாவது முறை காயமுற்றார். இந்த முறை முதுகில்.

விருதுக் குறிப்பின் ஆங்கிலத்தில் 'முதுகில்' என்ற அந்தச் சொல்லைக் கண்டதும், தமிழ் படித்த எவரும் நின்றுவிடும் இடத்தில் நானும் நின்றேன். நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த பாட்டு அது. போரில் உன் மகன் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்லக் கேட்ட நரம்பெழுந்த முதியவள், அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று சூளுரைத்து, வாளோடு களத்துக்குப் போய், கிடந்த பிணங்களைப் புரட்டிப் பார்த்து, சிதைந்து வேறுபட்டுக் கிடந்த மகனைக் கண்டு, அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிதும் மகிழ்ந்தாள். அதைவிடக் கடுமையானது பெருஞ்சேரலாதன் கதை. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலன் எறிந்த வேல் மார்பில் பாய்ந்து முதுகைத் துளைத்து வெளிவந்தது. மார்பில் வாங்கிய புண்ணே ஆனாலும், முதுகிலும் புண்பட்டுவிட்டதே என்று நாணி, அந்தச் சேரன் வடக்கிருந்து உயிர்விட்டான். விழுப்புண் என்பதற்கும் புறப்புண் என்பதற்கும் இடையே நம் முன்னோர் அவ்வளவு ஆழமான கோட்டைக் கிழித்து வைத்திருந்தார்கள்.

கிரேபர்னின் குறிப்பை எழுதியவர்கள் அந்தச் சொல்லை மறைக்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. நாற்புறமும் எரியும் வீடுகள், ஒவ்வொரு இடிபாட்டிலும் ஒரு துப்பாக்கி என்றிருந்த அந்தத் தெருக்களில் முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவுமே இல்லை. வாளும் வேலும் ஏந்தி இரு படைகள் நேருக்கு நேர் நின்ற களத்துக்கு எழுதப்பட்ட அளவுகோல் இங்கே பொருந்தாது என்பதை அறிவு உடனே சொல்லிவிடுகிறது. ஆனாலும் நான் அந்தப் பாட்டை அங்கே நினைத்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த முதியவள் களத்தில் தேடியது புண் எந்தப் பக்கம் என்பதையா, அல்லது தன் மகன் பிறரை விட்டுவிட்டு ஓடினானா என்பதையா? இரண்டாவது கேள்விதான் அவளுடையது என்று கொண்டால், கிரேபர்னின் முதுகுப்புண் எந்த விழுப்புண்ணுக்கும் குறைந்ததாகாது. மருத்துவ நிலையத்துக்குப் போக அவர் மறுத்துவிட்டார் என்பதும் அதே வாக்கியத்தில் இருக்கிறது.

அன்று மாலை ஒரு டாங்கு அவருடைய அரணுக்கு மிக அருகில் வந்து நின்றது. அதை எதிர்க்க அவரிடம் எந்த ஆயுதமும் மிஞ்சியிருக்கவில்லை. பின்னாலிருந்த முதன்மை வளையத்துக்குத் திரும்புமாறு கட்டளை வந்திருந்தது. கிரேபர்ன் அந்த டாங்கின் கண்ணெதிரே நிமிர்ந்து எழுந்து நின்று, தம் வீரர்களை ஒவ்வொருவராக எந்த வழியில் போக வேண்டும் என்று காட்டி அனுப்பினார். முதல் இரவில் பாலத்தின் மேல் செய்ததையே நான்காம் நாள் மாலையிலும் செய்தார். அன்றிரவு அவர் கொல்லப்பட்டார்.

இந்த இடத்தில் நேரக்கணக்கு ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. அதே 20ஆம் தேதி பிற்பகல், பதினேழு கிலோமீட்டர் தெற்கே நைமேகனில், அமெரிக்க 82ஆவது டிவிஷன் பாராசூட் வீரர்கள் துணியாலான படகுகளில், சிலர் துப்பாக்கிக் கட்டையையே துடுப்பாக வலித்து, பட்டப்பகலில் குண்டுமழையின் நடுவே வால் ஆற்றைக் கடந்தார்கள். மாலை ஏழு மணியளவில் நைமேகன் பாலம் நேச நாடுகளின் கைக்கு வந்தது. பிரிட்டிஷ் டாங்குகள் அதைக் கடந்தன. கடந்து, அங்கேயே நின்றன. இருட்டு, காலாட்படை பின்தங்கியது, எரிபொருளும் குண்டுகளும் குறைவு, மேட்டுச் சாலையில் டாங்குகள் எளிய இலக்கு என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் உண்மையும் உண்டு. கிரேபர்ன் டாங்கின் முன் எழுந்து நின்ற வேளைக்கும், அவர் எந்த டாங்குகளுக்காகக் காத்திருந்தாரோ அவை பதினேழு கிலோமீட்டர் தொலைவில் வந்து நின்ற வேளைக்கும் இடையே அதிக நேரமில்லை என்பதும் உண்மை.

அதே மாலையில் ஃப்ராஸ்ட் இரண்டு கால்களிலும் காயமுற்று நிலவறையில் கிடந்தார். அவரோடு இருநூறுக்கும் மேற்பட்ட காயம்பட்டவர்கள் கிடந்த கட்டடம் தீப்பற்றியதால், சிறிது நேரப் போர்நிறுத்தம் செய்து, செருமானிய வீரர்களும் சேர்ந்து அவர்களை வெளியே தூக்கி வந்தார்கள். மறுநாள் காலையோடு பாலத்தருகே எதிர்ப்பு ஓய்ந்தது. ஊஸ்டர்பேக்கில் வளைக்கப்பட்டிருந்த மற்றவர்கள் மேலும் நான்கு நாள் தாக்குப்பிடித்து, 25ஆம் தேதி இரவு மழையில் ரைன் ஆற்றைக் கடந்து தப்பினார்கள். ஆற்றுக்கு வடக்கே போன பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் திரும்பியவர்கள் சுமார் 2,400 பேர். ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர், மற்றவர்கள் சிறைப்பட்டனர்.

ஆப்பிளும் பாலும் கொண்டுவந்து கொடுத்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்னெமும் சுற்றுப்புறமும் காலிசெய்யப்பட்டன. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நடந்து வெளியேறினார்கள். வெறுமையான வீடுகள் கொள்ளையிடப்பட்டன. நேசப் படைக்கு உதவியாக டச்சு இரயில்வே ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்கச் செருமானியர் உணவுப் போக்குவரத்தை முடக்கினர். அந்தப் பனிக்காலத்தில் நாட்டின் மேற்குப் பகுதியில் மக்கள் துலிப் கிழங்குகளைத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் பட்டினியாலும் குளிராலும் இறந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகு அந்த மக்கள் வானிலிருந்து குதித்து வந்த அந்நியர்களைச் சபித்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் 1945 முதல் இன்றுவரை, ஒவ்வொரு செப்டம்பரிலும், அந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊஸ்டர்பேக் தோட்டத்தில் கல்லுக்கு ஒருவராக வந்து நின்று பூ வைக்கிறார்கள்.

கிரேபர்னின் உடல் 1948இல்தான் கிடைத்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1945 சனவரி 25 அன்று, விக்டோரியா கிராஸ் அறிவிப்பு வெளியாகியிருந்தது. இறந்த பிறகு கேப்டனாகப் பதவி உயர்வும் வந்தது. அந்த மூன்று ஆண்டுகளை, தந்தையை நினைவில் வைத்துக்கொள்ளும் வயதுகூட ஆகாத அவருடைய மகனின் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்க்கிறேன். வீட்டில் பதக்கம் இருக்கிறது, கல்லறை இல்லை. நம் ஊர்களில் வீரனுக்கு நடுகல் நட்டு, பெயரும் போரும் பொறித்து, மயிற்பீலி சூட்டிய வழக்கத்தை நாம் பெருமையோடு பேசுகிறோம். ஒரு கல் நிற்கும் இடம் தெரிந்திருப்பது, பின்னால் இருப்பவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ஊஸ்டர்பேக்கில்தான் உணர்ந்தேன். அங்கே பெயரில்லாக் கற்களும் இருக்கின்றன.

தோட்டத்திலிருந்து ஆர்னெமுக்குத் திரும்பி, மாலையில் பாலத்துக்குப் போனேன். அன்றைய பாலம் இப்போது இல்லை. செருமானியர் பயன்படுத்தாமல் தடுக்க, 1944 அக்டோபரில் நேச விமானங்களே அதைக் குண்டுவீசித் தகர்த்தன. போருக்குப் பிறகு அதே இடத்தில், அதே வடிவில் கட்டப்பட்ட பாலத்துக்கு இன்று ஜான் ஃப்ராஸ்டின் பெயர். வடமுனைக்கு அருகே, இடிந்த நீதிமன்றத்தின் உடைந்த தூண் ஒன்றை நிறுத்தி, '17 செப்டம்பர் 1944' என்று மட்டும் பொறித்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து மிதிவண்டிகள் போகும் ஓரமாகத் தெற்கு நோக்கி நடந்தேன். கரைமேடு ஏறி, வளைவு தொடங்கும் இடத்தைத் தாண்டி, ஆற்றின் நடுவுக்கு வந்தபோது கைப்பிடிச் சுவரைத் தவிரப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. எதிரே ஒருவர் தம் குழந்தையை மிதிவண்டியின் முன்கூடையில் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். அவசரமில்லாமல்தான் நடந்தேன், சில நிமிடங்களில் தென்முனையில் இருந்தேன்.